எல்லா நாட்டுக்கும் ஒரே தட்டு

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னேன்னா, மணப்பாட்டுல இருக்கிறவ அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து என் அடுப்படியில நிப்பா. "என்னப் பத்தி என்னளா எழுதியிருக்க?"ன்னு கேக்கக்கூட மாட்டா. முதல்ல சோத்துப்பானை மூடியைத் தூக்கிப் பாப்பா. அதுக்கப்புறந்தான் சண்டை.

அக்கான்னே வச்சுக்கிடுங்க. எங்க காம்பவுண்டுல இருந்த அத்தனை பொம்பளைக்கும் அவ அக்காதான்.

அவளுக்கு இப்படியொரு பழக்கம். யாரு வீட்டுக்குப் போனாலும், "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லி வாய் மூடுமுன்ன நேரா அடுப்படிக்குப் போயிருவா. பானை, சட்டி, தூக்குவாளின்னு ஒண்ணு விடாம மூடியைத் திறந்து எட்டிப் பாப்பா. தின்ன மாட்டா. ருசி பாக்க மாட்டா. ஒரு கரண்டி குழம்பு இவ கேட்டு வாங்கினதா ஒருத்தியும் சொல்ல முடியாது. பாப்பா, மூடுவா, வந்து உக்காருவா. பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

கல்யாணம் முடிஞ்சு நான் தூத்துக்குடிக்கு வந்த புதுசு. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரி. வாசலைத் தாண்டினா வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினா நெல்லுன்னு வளந்தவ. எங்க பக்கத்துல விருந்தாளி வந்தா அவனா எழுந்திரிக்கிற வரைக்கும் சோறு போடணும், அதனால எப்பவும் ஒரு ஆள் கூட வச்சுத்தான் உலை வைப்போம். எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டுதார். அவரை வேலைக்கு அனுப்பிட்டு அப்பாடான்னு உக்காந்திருக்கேன், யாரோ ஒரு பொம்பள விறுவிறுன்னு உள்ள வந்து பானையைத் திறக்குதா.

"ரெண்டு பேருக்கு இம்புட்டாளா? ஊர்ல இருந்து ஆள் வருதா?"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், அது பொறந்த வீட்டுச் சீதனம். "ஏங்க்கா, உங்க வீட்டுப் பானை அங்கன சும்மாதான இருக்கு? எங்க வீட்டுப் பானையை எதுக்குத் திறக்குதிய?"ன்னு கேட்டுட்டேன்.

அவளுக்குக் கோவமே வரல. "எங்க வீட்டுப் பானையில என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமேளா"ன்னா.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட வீடு மாத்தச் சொல்லி ஒரு பாட்டம் அழுதேன். அவர் பாட்டுக்குத் தூங்கிட்டார்.

ஏதோ வேலைவெட்டி இல்லாத பொம்பளன்னு நினைச்சிராதிய. அக்கா பி.காம் படிச்சவ. மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி அனுப்புற ஏஜென்டு ஆபீஸ்ல டாக்குமெண்ட் எல்லாம் அவ பொறுப்புதான். வெங்காயம், தக்காளி, முட்டைகோஸ், செங்கல்னு தோணியில ஏறுறது ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் அவ கையெழுத்துலதான் போவும். வீட்டுக்காரர் கப்பல்ல இருந்தார். ஒரே மகன் மஸ்கட்ல. காலையில கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டி, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு அவ கிளம்புத தோரணையைப் பாத்தா, இந்தப் பொம்பளயா ஊரான் வீட்டுச் சட்டியைத் திறக்குதுன்னு ஒருத்தன் நம்ப மாட்டான்.

ஏன் திறக்குதியன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லுவா. சின்ன வயசுல கோயில் அசன விருந்துல கடைசிப் பந்தியில உக்காந்து சோறு கிடைக்காமப் போச்சாம், அதனாலயாம். இன்னொரு நாள் கேட்டா, அவுக மாமியா பல்லி விழுந்த குழம்பை ஊத்திட்டாளாம், அதனாலயாம். ரெண்டையும் சேத்து வச்சுக் கேட்டப்ப, "கை சும்மா இருக்க மாட்டேங்குளா, போ"ன்னுட்டா. அதுதான் நிசம்னு நினைக்கேன்.

ஆனா ஒண்ணு. அவகிட்ட யாரும் பொத்தாம் பொதுவா ஒண்ணைச் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. எதிர் வரிசையில ஒருத்தி இருந்தா. மாமியா தனக்கு ஒரு துண்டு மீனும் நாத்தனாளுக்கு ரெண்டு துண்டும் வச்சிட்டான்னு காம்பவுண்டு பூரா சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துனா. நாங்க எல்லாரும் உச்சுக் கொட்டிக்கிட்டு நிக்கோம். அக்கா மட்டும், "சட்டியில மொத்தம் எத்தனை துண்டு கெடந்துச்சு?"ன்னு கேட்டா. அவ சொல்லுமுன்ன அக்காவே சொன்னா. "மூணுதாம்ளா கெடந்துச்சு. காலையில நான் பாத்தேன். உங்க மாமியாளுக்கு ஒண்ணுமில்ல, கொழம்புதான். நீ யாரு மேல வழக்கு வைக்குத?"

"கரண்டியைப் பாத்துப் பேசாத, சட்டியைப் பாத்துப் பேசு." இதை அவ சொல்லாத நாள் கிடையாது. எங்க வீட்டுக்காரர்கூட கிரேன்ல ஏறி நின்னுக்கிட்டு இதைச் சொல்ல ஆரம்பிச்சுட்டார்னா பாத்துக்கிடுங்க.

இந்தப் பழக்கத்தால வம்பும் வந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். என் நாத்தனாளுக்கு ஆறுமுகநேரியில ஒரு இடம் வந்துச்சு. நல்ல உத்தியோகம், சொந்த வீடு. அக்காவையும் கூட்டிக்கிட்டு நாங்க போயிருந்தப்ப கேசரி, வடை, காப்பின்னு தாங்குதாங்குன்னு தாங்குனாங்க. பேச்சு முடியுற நேரம். கை கழுவிட்டு வாரேன்னு அக்கா எழுந்திரிச்சா. அந்தக் கை எங்க போவும்னு எனக்குத் தெரியாதா? நினைச்ச மாதிரியே திரும்பி வந்து என் காதுல, "இந்த இடம் வேண்டாம்ளா"ங்கா.

வெளிய வந்து கேட்டா, பெரிய பானையில எல்லாருக்கும் சோறு இருக்காம். மூலையில ஒரு சின்னச் சட்டியில பழைய சோறு தனியா இருக்காம். யாருக்குன்னு அங்கன நின்ன பிள்ளைகிட்ட கேட்டாளாம். மூத்த மருமவளுக்குன்னுச்சாம்.

"அவளுக்கு வயித்துக்குச் சேராம இருந்திருக்கலாம்லாக்கா?"ன்னேன்.

"இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நான் சட்டியைத்தான் பாத்தேன்."

அந்தச் சம்பந்தம் விட்டுப் போச்சு. என் மாமியா அக்காகூட ரொம்ப நாள் பேசல. அந்த வீட்டு மூத்த மருமவ கதை என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நாத்தனா இப்ப கோயில்பட்டியில நல்லாத்தான் இருக்கா. ஆனாலும் ஒரு நல்ல இடத்தை இவ கெடுத்துட்டாளோன்னு எனக்கு ஒரு நெருடல் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அவ எங்க வீட்டுக்குள்ள வந்தாலே நான் போயி அடுப்படி வாசலை மறிச்சு நிப்பேன். அவளும் விட மாட்டா. என் கைக்கு அடியில புகுந்து போயி மூடியைத் தூக்கிப் பாப்பா.

இனிதான் என் மவ தாரணி விசயம்.

தாரணி பதினொண்ணாம் வகுப்பு படிச்ச வருசம் அவுக பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி வச்சாங்க. பூமி சூடாகுறதைப் பத்தி ஆளுக்கு ஒரு தலைப்பு. இவளுக்கு வந்தது சாப்பாடு. ஒரு நாட்டுல இருந்து பூமியைச் சூடாக்குற வாயு மொத்தமா எவ்வளவு போகுது, அதுல விவசாயமும் சாப்பாடும் எத்தனை பங்கு, நாட்டுக்கு நாடு அது எப்படி மாறுது. இதைச் சார்ட்டுல வரைஞ்சு விளக்கணும். நம்ம நாடு, அமெரிக்கா, எத்தியோப்பியா, நியூசிலாந்துன்னு நாலு நாட்டை எடுத்துக்கிட்டா. நாலு வட்டம் போட்டு, ஒவ்வொண்ணுலயும் சாப்பாட்டுப் பங்கை மட்டும் சிவப்பு அடிச்சா. அமெரிக்கா வட்டத்துல மெல்லிசா ஒரு துண்டு. நம்மளுது அதைவிடப் பெருசு. எத்தியோப்பியாவும் நியூசிலாந்தும் செக்கச்செவேர்னு இருந்துச்சு.

நானும் பாத்துட்டு, "நல்லா இருக்குளா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அந்தச் சிவப்பு என் வீட்டுச் சோத்துப்பானைக்குள்ள வந்து விழும்னு நான் கண்டேனா?

முதல்ல பால் வேண்டாம்னா. மாடு ஏப்பம் விட்டா மீத்தேன்னு ஒரு வாயு வருதாம். சரி, கருப்பட்டிக் காப்பி குடின்னேன். அடுத்து தயிர் வேண்டாம். அடுத்து கறி. கடைசியில ஒரு நாள் தட்டுல போட்ட சோத்தைத் தள்ளி வச்சுட்டு, "மாமா வயல்ல தண்ணி தேங்கி நிக்குதுல்லாம்மா, அதுல இருந்தும் அதே வாயுதான் வருது"ன்னா.

எங்க அண்ணன் வயல் நெல்லு! ஒவ்வொரு அறுப்புக்கும் மூட்டை கட்டி, அவனே பஸ்ஸுல ஏத்தி, தங்கச்சி பிள்ளை திங்கணும்னு கொண்டாந்து இறக்கிட்டுப் போற அரிசி. "ஆமாளா, எங்க அண்ணன்தான் உலகத்தைக் கொளுத்துதான், போயி போலீஸ்ல சொல்லு!"ன்னு கத்துனேன். அவ கத்தல. கண்ணுல தண்ணியோட, "பணக்கார நாட்டுல சாப்பாட்டுப் பங்கு கம்மிம்மா. நம்மள மாதிரி நாடுகதான் தின்னு தின்னே இப்படி ஆக்குதோம். எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்கு"ன்னா.

கத்துற பிள்ளையை அதட்டிச் சாப்பிட வச்சிரலாம். இப்படி அழுற பிள்ளையை என்ன செய்ய?

வெள்ளரிக்கா, நிலக்கடலை, ரெண்டு வாழைப்பழம். இவ்வளவுதான் அவ சாப்பாடுன்னு ஆச்சு. போகப் போக அதுவும் குறைஞ்சிட்டு. கன்னம் ஒட்டிப் போச்சு. சடை பின்னும்போது முடி கை கையா வந்துச்சு. பள்ளிக்கூடத்துல பிரேயர்ல நின்னவ மயங்கி விழுந்துட்டான்னு போன் வந்தப்ப அடுப்பை அணைச்சுட்டு ஓடுனேன். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பாத்து, ரத்தமே இல்ல, இப்படியே விட்டா ஆஸ்பத்திரியில படுக்க வச்சுத்தான் ஏத்தணும்னாங்க. அவங்ககிட்ட, "சாப்பிடுதேன் டாக்டர்"னு தலையை ஆட்டினா. வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே கதைதான். தின்ன மாதிரி தட்டைக் கழுவி வச்சிருப்பா.

நான் வெளிய மூச்சு விடல. வயசுப் பிள்ளை சாப்பிட மாட்டேங்கான்னு தெரிஞ்சா போதும், எவனையோ நினைச்சுக்கிட்டு இருக்காம்பாங்க, பேய் பிடிச்சிருக்கும்பாங்க. ஆளுக்கு ஒரு கதை கட்டிருவாங்க. யாராவது கேட்டா, "பரீட்சை வருதுல்லா, ராப்பகலாப் படிக்கா, அதான் மெலிஞ்சிட்டா"ன்னு சொல்லுவேன். உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன். எந்நேரமும் ஒரே நினைப்புதான். என் பிள்ளை எனக்கு மிஞ்சணும்.

அது ஞாயித்துக்கிழமை. அக்கா சாயங்காலப் பூசைக்குப் போயிட்டு, வெள்ளைச் சேலையோட அப்படியே எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா. வாசலை மறிக்க எனக்குத் தெம்பு இல்ல. போயி பானையைத் திறந்தா. வழக்கமா உடனே மூடிருவா. அன்னைக்கு மூடல.

"மூணு பேருக்கு வடிச்ச சோத்துல ரெண்டாள் சோறுதான் குறைஞ்சிருக்கு. போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும். யாருளா திங்கல?"

அவ்வளவுதான். அடுப்படித் தரையில உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். எத்தனை பேர் எங்க வீட்டுக்கு வந்து போனாங்க, ஒருத்தருக்குத் தெரியல. நான் திட்டித் தீத்த அந்தக் கெட்ட பழக்கந்தான் என் பிள்ளை பட்டினியைக் கண்டுபிடிச்சுது. அழுகைக்கு நடுவுல எல்லாத்தையும் சொன்னேன். "மாதாவே!"ன்னு நெத்தியில கை வச்சவ, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மவ இருந்த அறைக்குப் போனா.

கண்காட்சிக்கு நாள் நெருங்கிட்டுன்னு தாரணி அந்தச் சார்ட்டையே புதுசா வரைஞ்சு தரையில விரிச்சு எழுத்துக்குக் கலர் அடிச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல எங்க வீட்டுக்காரர் சாப்பிடுற எவர்சில்வர் தட்டு கவுந்து கெடந்துச்சு. அக்காவால சும்மா இருக்க முடியுமா? அந்தத் தட்டையும் தூக்கி அடியில என்ன இருக்குன்னு பாத்தா. வெறும் தரைதான். தட்டையும் சார்ட்டையும் மாறி மாறிப் பாத்தா.

"இதை வச்சா வட்டம் போட்ட?"

"ஆமா பெரியம்மா. காம்பஸ் சின்னதா இருந்துச்சு."

"நாலும் இதை வச்சுத்தானா? எல்லா நாட்டுக்கும் ஒரே தட்டாளா?"

"பாக்க ஒரே மாதிரி அழகா இருக்கணும்லா."

"அழகு கெடக்கட்டும். அமெரிக்காக்காரன் சட்டியும் எத்தியோப்பியாக்காரன் சட்டியும் ஒரே அளவா?"

தாரணிக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. "இது பங்கு பெரியம்மா! பங்குக்கு எதுக்கு அளவு?"

"எதுல பங்கு?"

மவ வட்டம் பூராவையும் விரலால சுத்திக் காட்டினா. அந்த அறை ஜன்னல்ல நின்னு பாத்தா அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி தெரியும். அக்கா அதைக் கையைக் காட்டி, "அந்தப் புகை இந்தச் சிவப்புலயா இருக்கு?"ன்னு கேட்டா. இல்லை, அது வெள்ளையில இருக்குன்னா தாரணி. "அப்ப ஒரு நாட்டுல புகைபோக்கியும் காரும் கூடிப்போனா, வெள்ளை ஊதும். சிவப்பு தானா சுருங்கும். அவன் கம்மியாத் திங்கான்னா அர்த்தம்?"

தாரணி எழுந்திரிச்சு நேரா அடுப்படிக்கு வந்து அலமாரியைத் திறந்து, இருக்கிற மூடியை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போனா. செல்போன்ல எதையோ தேடினா. இத்தனை நாள் சுருண்டு கெடந்த பிள்ளை எழுந்து நடமாடுதே, அதுவே எனக்குப் பெருசா இருந்துச்சு.

அண்டா மூடியை எடுத்து அமெரிக்கான்னு வச்சா. எத்தியோப்பியாவுக்கு டம்ளர். நியூசிலாந்துக்கு மருந்து பாட்டில் மூடி. நம்ம நாட்டுக்கு எதுன்னு அவ யோசிக்குமுன்ன அக்கா கடுகு டப்பா மூடியை எடுத்து வச்சு, "நம்ம நாடு பாவம், இது போதும்"னா.

"ஐயோ பெரியம்மா! நம்ம நாடு அப்படியொண்ணும் பாவம் இல்ல. மொத்தமாப் பாத்தா நம்மளும் பெரிய கைதான். இந்தா, சோத்துப்பானை மூடி. இதுதான் சரி. ஆளு நிறைய பேரு இருக்கோம்லா, தலைக்குப் பிரிச்சாத்தான் கம்மியா வரும்."

அக்காவுக்கு முகம் சுண்டிப் போச்சு. அவளை ஒருத்தர் திருத்தி நான் பாத்ததே இல்ல. "நீ பாத்தியா?"ன்னு கேட்டா. "பாத்தேன்"னு செல்போனை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினா என் மவ. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டு, "சரி, சட்டி பெருசுதான்"னு ஒத்துக்கிட்டா. தாரணி சிரிச்சுட்டா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் பிள்ளை பல்லைப் பாத்தேன்.

பிறகு ரெண்டு பேரும் தரையில மண்டி போட்டுக்கிட்டு ஒரே கூச்சல். அமெரிக்கா மெல்லிசுத் துண்டுன்னு நினைச்சது, அண்டா மூடி வட்டத்துல நீட்டமா வந்து நின்னுச்சு. நம்ம துண்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணும் இளப்பமா இல்ல. நம்ம துண்டைத் தின்னுற வாயோ எத்தனை கோடி! எத்தியோப்பியா செக்கச்செவேர்னு இருந்துச்சே, டம்ளர் வட்டத்துக்குள்ள அது எங்க இருக்குன்னு தேட வேண்டியதாப் போச்சு. அங்க தொழிற்சாலையும் காரும் கம்மி, இருக்கிறது வயலும் மாடுந்தான், அதான் பங்கு பெருசாத் தெரியுதுன்னு தாரணியே சொன்னா. நியூசிலாந்துக்காரன் பாலையும் கறியையும் ஊரு உலகத்துக்கெல்லாம் வித்துருதான், மாட்டு ஏப்பம் மட்டும் அவன் தலையில.

"அப்ப மாலத்தீவை ஏன் போடல?"ன்னா அக்கா. "நான் ஏத்தி அனுப்புற வெங்காயம் எந்த வட்டத்துல வரும்?"

தாரணி கொஞ்சம் யோசிச்சு, "விளைஞ்ச இடத்துல. நம்ம வட்டத்துலதான்"னா.

"தின்னவன் தப்பிச்சுட்டான் பாத்தியா! நாளைக்கே ஆபீஸ்ல சொல்லுதேன்"னு அக்கா தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிச்சா. மாலத்தீவுக்கு ஒரு குண்டூசித் தலையை வச்சாங்க.

திடீர்னு தாரணி முகம் வாடிட்டு. "ஆனா நம்ம பேர்ல தப்பே இல்லைன்னு ஆகிராதுல்லா பெரியம்மா? மாமா வயல்ல இருந்து வரத்தான செய்யுது."

"வருது. இல்லேன்னு யாரு சொன்னா? மாமனுக்குப் போனைப் போடு."

எங்க அண்ணன்கிட்ட அவளே கேட்டா. தண்ணியைத் தேக்கியே வைக்காம, நடுவுல வயலைக் காயவிட்டுத் திரும்பப் பாய்ச்சினா அந்த வாயு குறையுமாமே மாமா, செய்வியளான்னு. அவன் அந்தப் பக்கம் இடி இடிக்கிற மாதிரி சிரிச்சான். "ஏளா, வாய்க்கால்ல தண்ணி விட்டாத்தான தேங்கும்! முறை வச்சுல்லா விடுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் ஓடுது நம்ம பொழைப்பு. மேட்டு வயல்ல நான் அப்படித்தான் பண்ணுதேன். அடுத்த பூ நடவுக்குக் கீழ் வயல்லயும் பண்ணிப் பாப்போம். நீ நல்லா சாப்பிடுதியா?"

"வைக்கேன் மாமா"ன்னா. போனை வச்சுட்டு வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு மறுபடியும் பயம் பிடிச்சுக்கிட்டு. எல்லாம் புரிஞ்சு என்ன, வாய் திறக்கணுமே!

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனா. பானையைத்தான் கொண்டு வாரான்னு பாத்தேன். அவ தூக்கிட்டு வந்தது குப்பை வாளியை. அதையும் விட்டுவைக்கலயா பாவி! மவ முன்னால கொண்டாந்து வச்சு மூடியைத் திறந்தா. நேத்தைய சோறு. அவளுக்குன்னு வடிச்சு, அவ தொடாம, ராத்திரி புளிச்சுப் போயி நான் கொட்டினது.

"நீ திங்கல. சரி. அது திரும்பிப் போயி நெல்லா ஆயிட்டா?"

தாரணி வாளியை உத்துப் பாத்தா. நாத்தம் குப்புன்னு அடிச்சுது. என்னை நிமிந்து பாத்தா. "எல்லாத்தையும் கொட்டுனியாம்மா? தினமுமா?"

"பிறகு? எத்தனை நாள்தான் உங்கப்பாவும் நானும் சேத்துத் திங்க?"ன்னேன்.

"குப்பைக் கிடங்குல கெடந்து அழுகினாலும் அதே மீத்தேன்தாம்மா வரும்! மாமா வயல்லயும் வந்து, குப்பையிலயும் வந்து..." வாளியை அவளே மூடித் தள்ளி வச்சா.

"பசிக்கும்மா"ன்னா.

கால் தரையில பாவல எனக்கு. அந்தக் கவுந்து கெடந்த தட்டையே கழுவிச் சோறு போட்டேன். அவசரத்துல பாதி கீழ சிந்திச்சு. அக்கா அவ வீட்டுக்கு ஓடிப் போயி சாளை மீன் குழம்பு கொண்டு வந்தா. அடுத்தவ வீட்டுக்கு அவ குழம்பு கொண்டு வந்து நான் பாத்ததும் அன்னைக்குத்தான். தாரணி முதல்ல ஒரு பருக்கை ரெண்டு பருக்கையா எடுத்து வாயில வச்சா. அப்புறம் சின்ன உருண்டை. அப்புறம் குழம்பைக் குழிச்சு ஊத்திக்கிட்டு, மீன் முள்ளைச் சுத்தமா எடுத்து ஓரமா வச்சுட்டு, ஒழுங்கா ஒரு ஆள் சாப்பிடுற மாதிரி சாப்பிட்டா.

நான் வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு அவ தொண்டை ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு நின்னேன். உலகத்துல வேற எதுவும் எனக்குத் தெரியல.

அக்கா என் கையைப் பிடிச்சு இழுத்தா. "திங்கிற பிள்ளையைப் பாக்காதளா. பெத்த கண்ணுதான் முதல்ல படும். வா அங்கன."

ஊரான் சட்டியை எல்லாம் பாத்தவ சொல்லுதா, பாக்காதன்னு. பின்வாசல் பக்கம் தள்ளிட்டுப் போனா. துவைக்கிற கல்லுல உக்காந்து முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். சத்தம் கேட்டிரக் கூடாதுன்னு அழுதேன். அக்கா என் முதுகுல கையை வச்சுக்கிட்டு மதிலைப் பாத்து நின்னா. அவளும் மூக்கை உறிஞ்சினா, ஆனா கேட்டா ஜலதோசம்பா.

உள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

"எம்மா, ரசம் எங்க?"

"இந்தா வாரேன்ளா!"ன்னு எழுந்து ஓடுனேன்.